மண் போன பக்கம்

பேனாக்கள் ஓடும் சத்தத்தை மழை விழுங்கிவிட்டது. தலைகள் குனிந்திருக்கின்றன, கைகள் தாளின் ஓரம் வரை போய்ப் போய்த் திரும்புகின்றன, ஆனால் சத்தம் இல்லை. நான் மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும். யார் துண்டுத்தாள் வைத்திருக்கிறாள், யார் யாருக்குச் சைகை காட்டுகிறாள் என்று பார்க்கத்தான் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கிறது. தேர்வுக் கூடத்தின் பின்சுவருக்கும் மலைக்கும் நடுவில் ஒரே ஒரு ஓடை. ஓடைக்கு அப்பால் தேயிலை, தேயிலைக்கு மேல் யூகலிப்டஸ், அதற்கு மேல் மேகம். மேகத்துக்குள் மலை இன்னும் எவ்வளவு தூரம் போகிறது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. நேற்று முழுக்க மழை, முந்தாநாளும் மழை. காலையில் வரும்போது கோத்தகிரி சாலையில் மண் சரிந்து ஒரு பக்கத்தை அடைத்திருந்தது. பஸ் டிரைவர் இறங்கி நின்று மேலே பார்த்தார், ஏறி உட்கார்ந்தார், ஓரமாக ஓட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கார்த்திகையில் இந்த ஊரில் யாரும் மழையைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் அதன் காதில் விழுந்துவிடும் என்பது போல இருப்பார்கள். நானும் இத்தனை வருஷத்தில் அப்படி ஆகிவிட்டேன். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் மழையை ரசித்தேன்.

கேள்வித்தாளை எடுத்துப் பார்க்கிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தாள். வரலாற்று வரைவியல், மூன்றாம் ஆண்டு. கடைசிக்கு முந்தின கேள்வி: வரலாறு ஓர் அறிவியலா? விவாதிக்க. எல்லாரும் இதை எழுதுவார்கள், இது கையேட்டில் இருக்கிறது. முன் வரிசையில் நிரோஷா எழுதுவதை இங்கிருந்தே படிக்கலாம், படிக்காமலே சொல்லவும் செய்யலாம். அறிவியலில் ஒரு சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க முடியும், வரலாற்றில் அவ்வாறு முடியாது. அறிவியலாளர் நேரில் காண்கிறார், வரலாற்றாசிரியர் எஞ்சியவற்றைக் கொண்டு ஊகிக்கிறார். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள்தான். வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒரு பிள்ளை கொட்டாவி விடும், நானும் உள்ளுக்குள் கொட்டாவி விட்டபடிதான் சொல்வேன். இன்றைக்கு அந்த வாக்கியத்தை என்னால் கடக்க முடியவில்லை. திரும்பச் செய்து பார்க்க முடியாது. ஆமாம், முடியாது. இந்த மலை இறங்கினால் ஒரு தடவைதான் இறங்கும். அதற்கு முன்னால் அது இறங்குமா என்று கேட்க வேண்டும். யாரிடம் கேட்பது? போஜராஜ் சாரிடம் கேட்டாயிற்று. காலையில் மட்டும் கேட்டதாக நினைக்க வேண்டாம், போன வருஷ ஆடி மாசத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போஜராஜ் எங்கள் கல்லூரியின் நிலவியல் பேராசிரியர், இந்த மலைக்காரர், படகர். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம், கெட்டவராகவோ சோம்பேறியாகவோ இருந்தால் அவர் சொல்வதை ஒதுக்கிவிடலாம். போன வருஷம் தன் ஆராய்ச்சிக்காக இந்தக் கூடத்தின் பின்னால் மூன்று இடத்தில் துளை போட்டுப் பார்த்தார். இரும்புக் குழாயை இறக்கி மண்ணை உருளை உருளையாக எடுத்து, மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்பு, மஞ்சள், அப்புறம் மக்கிய பாறை. "பாருங்க மேடம், எல்லாம் இருந்த இடத்துலயே மக்கின மண்ணு. மேலயிருந்து வந்து விழுந்த மண்ணுன்னா கல்லும் வேரும் கலந்து கெடக்கும். இங்க அப்படி ஒண்ணுமே இல்லை. இந்தச் சரிவு இந்த இடத்துக்கு இறங்கினதே இல்லை." மலை இறங்கி இங்கே இருந்த தொழிலாளர் லைன் வீடுகளை மூடியதாக எஸ்டேட் கிழவி காத்தாயி சொன்னதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கேலி பண்ணவில்லை. பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார், "ஒரு அம்மா சொன்னாங்க. சரி. வேற யாரு சொன்னாங்க?" வேறு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடியவர்கள் மண்ணுக்குள் போய்விட்டார்கள் என்பதுதானே விஷயம். எஸ்டேட் காகிதங்களை மாவட்ட ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து தேடினேன், ஒரு வரி கிடையாது. "எழுதலைங்கறதுனால நடக்கலைன்னு ஆகாது சார்," என்றேன். "உங்க காகிதத்துல இல்லைன்னா நடக்கலைன்னு ஆகாது. என் துளையில இல்லைன்னா நடக்கலைன்னுதான் ஆகும் மேடம். கூலிக்காரங்க செத்தா எழுத வேண்டாம்னு துரை நினைப்பான். மண்ணு அப்படி நினைக்காது." இப்போதும் அதற்குப் பதில் தெரியவில்லை.

காத்தாயி இப்போது உயிரோடு இல்லை. எஸ்டேட் தொழிலாளர் பற்றிய என் ஆய்வுக்காகப் பல தடவை போய்ப் பேசினேன், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி சொன்னாள். ஒரு தடவை விடியற்காலை என்றாள், இன்னொரு தடவை விளக்கு வைக்கிற நேரம் என்றாள். ஒரு தடவை லைன் வீடு மொத்தமும் போனதென்றாள், இன்னொரு தடவை கடைசியில் இருந்த சில வீடுகள் என்றாள். தன் தங்கச்சி அதில் போனதாக ஒரு தடவை அழுதாள், அடுத்த தடவை போனபோது தங்கச்சி வால்பாறையில் கட்டிக்கொடுத்து நன்றாக இருப்பதாகச் சொன்னாள். எங்கே நடந்தது என்று கேட்டால் கையை விசிறி, "இந்தா, காலேஜு கட்டி இருக்கீங்களே, இங்கதான்." நீதிமன்றமாக இருந்தால் முதல் கேள்வியிலேயே சாட்சியை அனுப்பியிருப்பார்கள். ஆனால் எல்லாத் தடவையும் ஒரே ஒரு விஷயம் மாறாமல் வந்தது. "மொதல்ல ஓடை வாயை மூடிக்கிச்சு. மழை அடிக்குது, ஓடை மட்டும் வாயை மூடிக்கிச்சு. எங்கம்மா அரிசி களைஞ்சுட்டு இருந்தவ, என்னடி இது சத்தத்தைக் காணோம்னா." இதை அவள் அழுத்திச் சொல்லவில்லை. போகிற போக்கில், கதைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் போல. கதையை ஜோடிக்கிறவள் இப்படி ஒரு பயனில்லாத துணுக்கைச் சேர்க்கமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. ஆளையும் நேரத்தையும் மாற்றுகிற நினைவு, எதற்கும் உதவாத ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அது நடந்திருக்கும். அப்படித்தான் எங்கள் தொழிலில் யோசிப்போம். அப்புறம் இந்தக் கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினபோது மேல்மண்ணிலேயே கருகின அடுப்புக் கற்கள் கிடைத்ததாகக் கொத்தனார் சொன்னதும் சேர்ந்துகொண்டது. லைன் வீடுகள் இங்கேதான் இருந்தன. காத்தாயி சொன்னதும் இங்கேதான். அப்படியானால் நான் உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலிக்குக் கீழே. நாற்காலியின் காலைப் பார்க்கிறேன். மொசைக் தரை, சுத்தமாகத் துடைத்திருக்கிறார்கள்.

ஒரு பிள்ளை கையைத் தூக்குகிறாள். கூடுதல் தாள் வேண்டும். எழுந்து போய்க் கொடுக்கிறேன், நூல் கட்டக் கொடுக்கிறேன், அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருக்கின்றன. "குளிருதா?" "பரவால்ல மேம்." பிரிசில்லா. அவள் அப்பா குன்னூர் மார்க்கெட்டில் காய்கறிக் கடை. திரும்பி வரும்போது பின்சுவரின் பக்கமாக நடக்கிறேன், வேண்டுமென்றே. சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீழே இறங்குகிறது. அது போன வருஷமும் இருந்ததா? இருந்தது என்று நினைக்கிறேன். இருந்ததா? நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அப்போது அதைப் பார்க்கவில்லை. பயம் வந்த பிறகு பார்க்கிற கண் வேறு. அதுவே விரிசலை நீட்டிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும், என் கணவர் சுதர்சனம் போனதிலிருந்து தெரியும்.

அவருக்கு மார்பில் ஏதோ பிடிப்பு என்று குன்னூரில் காட்டினோம். இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். டாக்டர் சின்னப் பையன், பொறுமையாகப் பேசினான். நான் சொன்னேன், "நேத்து ராத்திரி தயிர்சாதத்தைப் பாதியில வச்சுட்டு எழுந்துட்டார் டாக்டர். அவர் அப்படி வைக்கிறவர் இல்லை." அவன் என்னை மரியாதையாகப் பார்த்தான். எழுதிக்கொள்ளவில்லை. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவான் பாவம். மறுநாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அந்தத் தயிர்சாதத்தைச் சொன்னேன், வருஷக்கணக்காகச் சொன்னேன், எனக்கு முன்பே தெரிந்திருந்தது என்று. அப்புறம் ஒரு நாள், காரணமே இல்லாமல், பஸ்ஸில் வரும்போது ஒரு கேள்வி வந்தது: சுதர்சனம் அதற்கு முன்னால் ஒரு தடவைகூடச் சோற்றை வைத்துவிட்டு எழுந்ததில்லையா? கல்யாணமாகி அத்தனை வருஷத்தில்? எழுந்திருப்பார். பல தடவை எழுந்திருப்பார். மறுநாள் செத்துப்போகாததால் அந்த ராத்திரிகள் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. மிஞ்சினது மட்டும்தான் அத்தாட்சி மாதிரி தெரியும். அப்படியானால் காத்தாயியின் ஓடையும் அப்படித்தானா? எத்தனை மழையில் ஓடை சத்தம் குறைந்து, ஒன்றும் ஆகாமல், யாரும் கவனிக்காமல் போயிருக்கும்? போஜராஜ் சாரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் பக்கம் பலமாகிவிடும். இல்லை, பக்கம் என்று ஏன் நினைக்கிறேன்? இது பட்டிமன்றம் இல்லை. மேலே சரிவில் அவர் இரும்புக் கம்பங்கள் நட்டு நடுவில் வயர் இழுத்துக் கட்டியிருக்கிறார், கம்பம் நகர்ந்தால் அவருடைய அறையில் இருக்கிற கம்ப்யூட்டருக்குத் தெரியும். காலையில் அவர் முதல்வரிடம் சொன்னதை நானும் கேட்டேன். நகரவே இல்லை, தேர்வு நடத்தலாம். அளந்து பார்த்தவர் அவர். நான் எதை அளந்தேன்?

பத்து நிமிஷமோ என்னவோ அப்படியே போகிறது. கடைசி வரிசையில் ஒருத்தி இருமுகிறாள். இன்னொருத்தி நாற்காலியை நகர்த்துகிறாள், கால் தரையில் தேய்கிறது, எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. அந்தச் சத்தம் அவ்வளவு தெளிவாக ஏன் கேட்டது என்று யோசிக்கிறேன். இதுவரை பேனாச் சத்தம்கூடக் கேட்கவில்லையே. மழை குறைந்துவிட்டதா? ஜன்னலைப் பார்க்கிறேன், மழை அப்படியே இருக்கிறது, தகரத்தின் மேல் அதே அடி. ஆனால் அதற்குக் கீழே இருந்த ஒன்று இல்லை. பகல் முழுக்க ஒரு கனமான இரைச்சல் இந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தது, காது பழகிப்போய் அதை மழையென்றே எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது மழை மட்டும் தனியாக இருக்கிறது. எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். ஓடையில் கற்கள் தெரிகின்றன. கருப்பாக, ஈரமாக, ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. நடுவில் கொஞ்சம் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. காலையில் இதே ஜன்னலில் நின்று பார்த்தபோது கரை தொட்டு ஓடியது. மேலே மழை கொட்டுகிறது, கீழே தண்ணீர் வரவில்லை. எங்கே போகிறது அது?

நிற்கிறேன். உடம்பு நிற்கிறது, உள்ளே என்னென்னவோ ஓடுகிறது. பிள்ளைகளை வெளியே அனுப்பினால் தேர்வு போச்சு. பல்கலைக்கழகத் தேர்வு, விடைத்தாளோடு எழுந்தால் முறைகேடு. விளக்கம் கேட்பார்கள். என்ன விளக்கம்? செத்துப்போன ஒரு அம்மா தன் அம்மா அரிசி களைந்தபோது சொன்னதாகச் சொன்னது. ஒன்றும் ஆகாவிட்டால் நான் பைத்தியம். ஒன்றும் ஆகக் கூடாது என்றுதானே வேண்டிக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றும் ஆகாவிட்டால் நான் தப்பு என்று ஆகிவிடுமா? ஆகாது, ஆனால் ஆனதாகத்தான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள், நானும் எடுத்துக்கொள்வேன். இரண்டு தடவை செய்து பார்க்க முடியாது. ஒரு தடவை உட்கார வைத்து, ஒரு தடவை வெளியே அனுப்பி, எது சரி என்று பார்க்க முடியாது. நிரோஷா தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"எல்லாரும் எழுந்திருங்க," என்கிறேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருக்கிறது. "பேப்பரை அப்படியே வைங்க. பையை எடுக்க வேண்டாம். முன் கதவு வழியா மைதானத்துக்குப் போங்க."

"மேம், இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு," என்கிறாள் பிரிசில்லா. அழுகை வருகிற குரல். "நான் எழுதினது செல்லுமா?"

"தெரியல. எழுந்திரு."

நெருப்பு ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தது அதுதான், ஆபத்தென்றால் மைதானம். கூடத்துக்கு வலது கைப்பக்கம், இந்த மலைச்சரிவிலேயே சமதளமாக இருக்கிற ஒரே இடம். கூடைப்பந்து, விளையாட்டு விழா, குடியரசு தினம் எல்லாம் அங்கேதான். பிள்ளைகள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள், சில பேர் சிரிக்கிறார்கள்கூட, திடீரென்று கிடைத்த விடுதலை மாதிரி. புல்லில் கால் புதைகிறது. நான் கடைசியாக வருகிறேன், வரும்போது மலையைத் திரும்பிப் பார்க்கிறேன். மலை சும்மா இருக்கிறது. தேயிலைச் செடி ஒன்றுகூட அசையவில்லை. கூடத்தின் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன, காலி நாற்காலிகள் ஜன்னல் வழியாகத் தெரிகின்றன. என்ன செய்துவிட்டேன். முப்பது வருஷ வேலை. முதல்வர் எஸ்தர் மேடத்துக்கு யாரோ போய்ச் சொல்லியிருப்பார்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் குடையோடு வருவார். பிள்ளைகள் நனைகிறார்கள், நடுங்குகிறார்கள், ஒருத்தி "மேம், உள்ள போய்டலாமா" என்கிறாள். ஒரு நிமிஷம், மழையில் நின்றுகொண்டு, மலை இறங்கட்டும் என்று நினைக்கிறேன். நினைத்தேன். அதை யாருக்கும் தெரியாமல் விழுங்கிக்கொள்கிறேன்.

போஜராஜ் சார்தான் முதலில் வந்தார். குடைகூட இல்லாமல், நிலவியல் கட்டடத்திலிருந்து ஓடி வந்தார், கண்ணாடி முழுக்கத் தண்ணீர். "என்ன மேடம் இது? ரீடிங் சுத்தமா ஜீரோ. இப்பகூடப் பாத்துட்டுத்தான் வர்றேன். எதை வச்சு வெளிய அனுப்பினீங்க?"

"ஓடை நின்னுடுச்சு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணி இல்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "நின்னுடுச்சுன்னா?"

"கல்லு தெரியுது. காலையில கரை வரைக்கும் ஓடுச்சு."

அவர் கூடத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது, கணக்குப் போடுகிறவர் மாதிரி. "தண்ணி மேலயே எங்கயோ உள்ள இறங்குது," என்றார் மெதுவாக. "பிளவு விட்டிருக்கு."

"அப்ப உங்க கம்பி?"

"கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவுலதான் அது அளக்கும். எல்லாக் கம்பமும் சேர்ந்து நகர்ந்தா அதுக்கு ஒண்ணும் தெரியாது." இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு உடைவும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மேடம், அந்த அம்மா சொன்னது நடந்துச்சுன்னு வச்சுக்குவோம்."

"நடந்துச்சு சார்."

"நான் போட்ட துளையில ஒண்ணும் இல்லை. அதுவும் நிஜம். ரெண்டும் நிஜம்னா அந்த மண்ணு எங்க போச்சு?"

அவர் தன் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். புல், அதில் எங்கள் இரண்டு பேர் செருப்பும் புதைந்திருந்தன. எனக்கு முதலில் புரியவில்லை, மனசு ஏதோ ஒன்றில் தட்டி நிற்கிற மாதிரி இருந்தது. "இந்த மைதானத்தை யார் சமன் பண்ணினது?" என்று கேட்டார். ஸ்தாபகர், என்றேன், மலையை வெட்டிச் சமன் செய்தார், பொன்விழா மலரில் இருக்கிறது, அவருடைய நினைவுச் சொற்பொழிவில் அப்படித்தான் சொல்வோம். "வெட்டின இடம் எங்க? எனக்குக் காட்டுங்க." நான் சுற்றிப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நின்று கொடி வணக்கம் செய்த இடம். மலையை வெட்டினால் ஒரு பக்கம் செங்குத்தாகச் சுவர் மாதிரி நிற்க வேண்டும். எங்கேயும் நிற்கவில்லை. மேலேயிருந்து ஒரு மடிப்பு, அகலமாக, வழவழவென்று, விசிறி விரித்த மாதிரி இறங்கி வந்து இங்கே படுத்திருந்தது. யாரும் வெட்டவில்லை. அது வந்து விழுந்த மண். அடுப்புக் கற்கள் கூடத்துக்கு அடியில் மேல்மண்ணிலேயே கிடைத்தன, ஏனென்றால் அந்த வீடுகள் தப்பித்த வீடுகள். போன வீடுகள் இதோ, நாங்கள் நிற்கிற இடத்துக்குக் கீழே. காத்தாயி கையை விசிறிக் காட்டினாள், நான் அதைக் கூடம் என்று படித்தேன். பிள்ளைகளைக் கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்து இங்கே நிறுத்தியிருக்கிறேன்.

"தொட்டி மேட்டுக்கு," என்றார் போஜராஜ். கேட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிற மேடு, பாறை வெளியே தெரியும். "அங்க பாறை இருக்கு. ஓடச் சொல்லுங்க."

நான் ஓடச் சொன்னேனா, கத்தினேனா, தெரியவில்லை. பிள்ளைகள் ஓடினார்கள். ஒருத்தியின் செருப்பு புல்லில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினாள். பிரிசில்லா என் கையைப் பிடித்திருந்தாள், இல்லை, நான்தான் அவள் கையைப் பிடித்திருந்தேன், அந்த ஐஸ் விரல்கள். கேட்டைத் தாண்டும்போது காலுக்கு அடியில் ஏதோ ஒரு அதிர்வு, பெரிய லாரி பக்கத்தில் போகிற மாதிரி. லாரி எதுவும் இல்லை. பாறையில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது யூகலிப்டஸ் மரங்கள் நின்றபடியே நகர்ந்தன. விழவில்லை, சாயவில்லை, நின்றபடியே, வரிசையாக, பொறுமையாகக் கீழே வந்தன. அப்புறம்தான் சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்துக்கு என்னிடம் வார்த்தை இல்லை, காத்தாயியிடமும் இல்லை, அதனால்தான் அவள் அதைப் பற்றி ஒன்றுமே சொன்னதில்லை என்று அந்த நேரத்தில் தோன்றியது. மைதானம் மூடிக்கொண்டது. கூடைப்பந்துக் கம்பம் கொஞ்ச நேரம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி தொட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் இருந்தார்கள். யாரும் அலறவில்லை, பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம்தான் கேட்டது. கூடம் அப்படியே நின்றது. ஒரு தகரம்கூட நகரவில்லை. விளக்குகள் எரிந்தன, ஜன்னலில் காலி நாற்காலிகள் தெரிந்தன. அங்கே உட்கார்ந்திருந்தால் பிரிசில்லா இந்நேரம் அந்தக் கடைசிக் கேள்வியை எழுதி முடித்திருப்பாள். போஜராஜ் சாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எஸ்தர் மேடம் வந்தார், குடை எங்கோ போய்விட்டது, புடவை முழங்கால் வரை சேறு. வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தமயந்தி, நீங்க மட்டும் இல்லைன்னா..." எனக்குப் பின்னால் அலுவலகத்திலிருந்து வந்த யாரோ ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், மேடம்தான் முன்னாடியே கண்டுபிடிச்சு பிள்ளைங்களைக் காப்பாத்தினாங்களாம். காப்பாத்தினாங்களாம். அந்த 'ஆம்' என்கிற ஒட்டு அதற்குள் வந்துவிட்டது. மண் இன்னும் அசைந்து முடியவில்லை, கதை நிலைத்துவிட்டது. நாளைக்குப் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், இதைத்தான் எழுதுவார்கள், நேரில் பார்த்தவர்கள் அத்தனை பேரும் இதைத்தான் சொல்வார்கள், பொய் சொல்வதாக ஒருவருக்கும் தோன்றாது. இன்னொரு நூறு வருஷம் கழித்து என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து இந்தச் சாட்சிகளையெல்லாம் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தும். அப்படிப் பொருந்துவதையே ஆதாரம் என்பாள். நான் போஜராஜிடம் வாயெடுத்தேன். "இப்ப வேண்டாம் மேடம்," என்றார் தாழ்ந்த குரலில். "பிள்ளைங்க நடுங்கிட்டு இருக்கு. நாளைக்குப் பேசிக்கலாம்." நாளைக்கு என்னால் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரிந்தது. நாளைக்கு நானே அதை நம்ப ஆரம்பித்துவிடுவேன்.

பிரிசில்லா யாரோ கொடுத்த போனில் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். "இல்லம்மா, நல்லா இருக்கேன்... மேம்தான்மா... ஹால்ல இருந்திருந்தா எல்லாரும் போயிருப்போம்..." நான் கையை நீட்டினேன். அவள் கொடுத்தாள்.

"அம்மா, நான் தமயந்தி பேசறேன், ஹிஸ்டரி மேடம். பிரிசில்லா சொல்றது சரியில்லைம்மா. ஹாலுக்கு ஒண்ணும் ஆகலை. ஹால் அப்படியே நிக்குது. நான்தான் பிள்ளைங்களை மண்ணு வர்ற பக்கமாக் கூட்டிட்டுப் போயிட்டேன். வேற ஒருத்தர்தான் சரியான நேரத்துல வந்து சொன்னார். உங்களுக்கு இது தெரியணும்."

அந்தப் பக்கம் மார்க்கெட் இரைச்சல் கேட்டது. யாரோ தக்காளி விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா மூச்சு வாங்குவது கேட்டது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "எம்பொண்ணு இருக்காளா?"

"இருக்கா."

"உங்க கண்ணு முன்னால இருக்காளா?"

"என் கண்ணு முன்னாலதான் நிக்கறா."

"சரிங்க. அவகிட்ட போனைக் குடுங்க."

கொடுத்தேன். மழை அதே வேகத்தில் பெய்தது. மேலே, மேகத்துக்குள், கல்லோடு கல் உரசுகிற மாதிரி மறுபடி ஏதோ கேட்டது. போஜராஜ் சார் குந்தி உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பாறை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.